கிட்னி மாற்றுக்கு முன் மரபணுப் பரிசோதனை: காத்திருக்கத்தான் வேண்டுமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்கு வயது 11. நான்கு வயதிலிருந்தே சிறுநீரகக் கல் தொந்தரவு. இரண்டு முறை கல்லை உடைத்து எடுத்தார்கள். எடுத்த கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியதாக எந்தத் தாளிலும் இல்லை. "வெயில் ஊர், பையனை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சென்ற ஆண்டு இறுதியில் வாந்தியும் மூச்சிரைப்புமாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கிட்னி வடிகட்டாததால் இரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின் 9க்கு மேல் இருந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ்.

தங்கை தன் கிட்னியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். இரத்தப் பிரிவு பொருந்திவிட்டது. மருத்துவமனைக் குழுவுக்கான தாள்களையும் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இந்த நேரத்தில் புதிதாகப் பார்த்த சிறுநீரக மருத்துவர் பழைய ஸ்கேன்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு கிட்னியிலும் சுண்ணாம்புப் படிவு முழுக்கப் பரவியிருக்கிறது. இது முதன்மை ஹைப்பராக்சலூரியாவாக, அதாவது உடலே ஆக்சலேட் என்ற பொருளை அளவுக்கு மீறி உண்டாக்கும் பரம்பரை நோயாக இருக்கலாம். மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை மாற்று அறுவை வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். முடிவு வரச் சில வாரங்கள் ஆகுமாம்.

வீட்டில் பெரியவர்கள் கொதிக்கிறார்கள். "பெற்ற தாயே கொடுக்கிறாள், இதில் என்ன ஆராய்ச்சி? வேறு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்கிறார்கள். ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் பையன் துவண்டு கிடப்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

நெஃப்ரான் எழுதியது:

சிறுநீரக மருத்துவராகப் பதில் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் செய்தது முற்றிலும் சரி. அவரை விட்டுவிடாதீர்கள்.

சிறுவயதிலேயே திரும்பத் திரும்பக் கல், இரு கிட்னியிலும் சுண்ணாம்புப் படிவு, விரைவாகச் செயலிழப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் முதன்மை ஹைப்பராக்சலூரியாவை விலக்காமல் மாற்று அறுவைக்குப் போகக் கூடாது. நோய் இதுதான் என்றால், தாயின் கிட்னியை மட்டும் பொருத்துவது அந்தக் கிட்னியையும் இழப்பதற்கான வழி. மாற்றிய கிட்னி பழுதாகி, அதிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில், முனைவாக்கிய ஒளியில் வைத்துப் பார்க்கும்போதுதான் நோயே தெரியவந்த நோயாளிகள் உலகெங்கும் உண்டு. நுண்குழாய்களுக்குள் விசிறி விசிறியாக, வானவில் நிறத்தில் மின்னும் ஆக்சலேட் படிகங்கள். கொடுத்தவரின் தியாகம் அத்தனையும் அந்தக் கண்ணாடிச் சில்லின் மேல் கிடக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

தம்பி, எங்கள் பக்கத்தில் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும்தான். என் அண்ணனுக்குக் கரைந்தே போனது. பையனுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். கெடுதல் ஒன்றும் இல்லை.

டயாலிசிஸ் செவிலியர் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் டயாலிசிஸில் இருக்கும் குழந்தைக்கு வாழைத்தண்டுச் சாறு கெடுதல்தான். அதில் பொட்டாசியம் மிகுதி. கிட்னி வேலை செய்யாத உடலில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும்போகலாம். திங்கட்கிழமைகளில் பொட்டாசியம் ஏறிய நிலையில் வருபவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை என்ன குடித்தீர்கள் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். இளநீரும் இதே கதைதான்.

நட்சத்திரப் பழமும் பிலிம்பிக் காயும் இன்னும் மோசம், அவற்றில் ஆக்சலேட்டே நிறைந்திருக்கிறது. கொழுப்பு குறையும் என்று பிலிம்பிச் சாற்றைக் குடித்த நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே கிட்னி செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொருநைக்கரை அண்ணா, மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சாறும் வேண்டாம்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். இந்த நோயைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அண்ணா, "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கும் பெரியவர்களிடம் நீங்கள் சொல்வதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதன்மை ஹைப்பராக்சலூரியாவின் முதல் வகை பிறப்பது கிட்னியில் இல்லை, கல்லீரலில். கல்லீரல் செல்களுக்குள் பெராக்சிசோம் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. அங்கே ஏஜிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி ஒன்று, கிளையாக்சைலேட் என்ற பொருளைக் கிளைசினாக மாற்றுகிறது. கிளைசின் சாதாரண அமினோ அமிலம், உடலுக்குப் பயன்படுவது. இந்த நொதி இல்லாதபோது தேங்கும் கிளையாக்சைலேட் வேறொரு நொதியின் கையில் சிக்கி ஆக்சலேட்டாகிறது. ஆக்சலேட்டைச் சிதைக்க மனித உடலில் வழியே கிடையாது. இரத்தத்தில் கலந்து கிட்னி வழியாக வெளியேறினால்தான் உண்டு. சிறுநீரில் கால்சியத்தைச் சந்தித்ததும் இரண்டும் சேர்ந்து படிகமாகின்றன. படிகம் நுண்குழாயை அடைக்கிறது, செல்களைக் கிழிக்கிறது, அழற்சியை மூட்டுகிறது, தழும்பாக்குகிறது. மேலே கல், உள்ளே சுண்ணாம்புப் படிவு, கடைசியில் செயலிழப்பு.

இயல்பாக ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் ஆக்சலேட், வளர்ந்தவரின் உடற்பரப்புக்குக் கணக்கிட்டால், ஏறத்தாழ 45 மில்லிகிராமுக்குள் இருக்கும். இந்த நோயாளிகளில் அது பெரும்பாலும் 90ஐத் தாண்டும். சிலருக்கு அதைவிடப் பல மடங்கு.

கிட்னி பழுதான பிறகு நிலைமை இன்னும் மோசமாகிறது. கல்லீரல் ஆக்சலேட் உற்பத்தியை ஒரு நாளும் நிறுத்துவதில்லை, வெளியேறும் வழியோ அடைபட்டுவிட்டது. அது எலும்பிலும் விழித்திரையிலும் இதயத் தசையிலும் தோலிலும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் போய்ப் படிகிறது. புதுக் கிட்னி ஒன்றைப் பொருத்தினால் இரத்தத்திலும் எலும்பிலும் சேர்ந்துகிடக்கும் அத்தனை ஆக்சலேட்டும் அதன் மேல்தான் பாயும்.

கல்லீரல்தான் காரணம் என்பதற்கு மறுக்க முடியாத சான்று உண்டு. இந்த நோயாளிகளிடமிருந்து அகற்றிய கல்லீரல் மற்றபடி நன்றாக இருப்பதால், அதை வேறு நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பெற்றுக்கொண்டவர்களில் சிலருக்கு விரைவிலேயே ஆக்சலேட் ஏறி, அதுவரை நன்றாக இருந்த கிட்னி கெட்டுப்போனது.

அதனால்தான் உங்கள் மருத்துவர் காத்திருக்கச் சொல்கிறார். தங்கையிடம் இருப்பவை இரண்டே கிட்னிகள். அதில் ஒன்றை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

சேலத்து அம்மா எழுதியது:

சகோதரி, ஒரு சந்தேகம். என் மகளுக்கு சிஸ்டினோசிஸ். அதுவும் பிறவி வளர்சிதை மாற்ற நோய்தான், அதுவும் கிட்னியைத்தான் தின்றது. கைக்குழந்தையாக இருந்தபோதே குடம் குடமாகச் சிறுநீர், ஓயாத தாகம், கால் வளைந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் என் கணவரின் கிட்னியை மட்டும்தான் பொருத்தினோம். கல்லீரலைப் பற்றி யாரும் பேசவே இல்லை. இன்று வரை அந்தக் கிட்னி நன்றாக வேலை செய்கிறது. இவர்களுக்கு மட்டும் ஏன் கூடாது?

வேதியியல் ஆசிரியை எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டது அருமையான கேள்வி. உங்கள் மகள் நலமாக இருப்பதில் மனம் நிறைகிறது.

இரண்டு நோயிலும் கிட்னி கெடுகிறது, ஆனால் கெடுக்கும் பொருள் வரும் இடம் வேறு. சிஸ்டினோசிஸில் 17ஆவது குரோமோசோமில் உள்ள சிடிஎன்எஸ் மரபணு பழுது. செல்லுக்குள் லைசோசோம் என்ற பையிலிருந்து சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை வெளியேற்றும் புரதம் இல்லாமல், ஒவ்வொரு செல்லும் தான் உண்டாக்கிய சிஸ்டினைத் தனக்குள்ளேயே தேக்கிக்கொள்கிறது. பழுது செல்லோடு பிறந்தது. உங்கள் கணவர் கொடுத்த கிட்னியின் செல்களில் நல்ல மரபணு இருக்கிறது. அவை தம் சிஸ்டினைத் தாமே வெளியேற்றிக்கொள்ளும். ஆகவே நோய் அந்தக் கிட்னிக்குத் திரும்புவதில்லை. முதல் வகை ஹைப்பராக்சலூரியாவிலோ நச்சு கல்லீரலில் உருவாகி இரத்தம் வழியே வருகிறது. யாருடைய கிட்னியாக இருந்தாலும் தப்பாது.

ஆனால் அம்மா, கிட்னி மாற்றியதோடு, சிஸ்டினை வெளியேற்ற உதவும் சிஸ்டியமின் மருந்தை நிறுத்திவிடவில்லையே? கண், தைராய்டு, தசை எல்லாம் மகளின் பழைய செல்கள்தாம்.

சேலத்து அம்மா எழுதியது:

நிறுத்தவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நள்ளிரவிலும் எழுப்பிக் கொடுக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து தனி. இவ்வளவு தெளிவாக இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. நன்றி.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அப்பா அமைதியாகிவிட்டார். ஆனால் இப்போது வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தங்கையை என் அத்தை மகனுக்குத்தான் கொடுத்தோம். மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை, "எங்கள் பக்கத்தில் இப்படி யாருக்கும் கிடையாது, இது இவள் கொண்டுவந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். தங்கை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் இது யார் வழியாக வந்தது?

திண்டிவனத்தான் எழுதியது:

சொந்தத்தில் கட்டாதே என்று படித்துப் படித்துச் சொன்னாலும் நம் ஆட்கள் கேட்பதில்லை. சொத்து வெளியே போகக் கூடாது என்று பிள்ளைகளைப் பலி கொடுக்கிறார்கள். சட்டம் போட்டே தடுக்க வேண்டும்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

திண்டிவனத்தான் ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கலாம், ஆனால் அதை இந்தக் குடும்பத்தின் மேல் இன்று கொட்டாதீர்கள். உறவில் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகப் பிறக்கிறார்கள். உறவில் மணக்காத பெற்றோருக்கும் இந்த நோயோடு குழந்தை பிறக்கிறது. ஐரோப்பிய நோயாளிகள் பலர் அப்படிப்பட்டவர்கள்தாம்.

பொருநைக்கரை அண்ணா, தங்கையிடம் இதைச் சொல்லுங்கள், அத்தையின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். ஏஜிடி நொதிக்கான மரபணுவின் பெயர் ஏஜிஎக்ஸ்டி. 2ஆவது குரோமோசோமின் நுனியருகே இருக்கிறது. நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்று போதுமான நொதியைத் தரும், ஒரு தொந்தரவும் வராது. இரண்டுமே பழுதானால்தான் நோய். ஆகவே இந்த நோய் வந்த பிள்ளைக்கு இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று வந்திருக்கிறது. மிக அரிதாகப் புதுப் பிறழ்வு (மரபணுவில் ஏற்படும் மாற்றம்) தோன்றும் விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால், தாயும் தந்தையும் சமமாகக் கொடுத்தவர்கள், இருவருமே அறியாமல் கொடுத்தவர்கள்.

உங்கள் குடும்பத்தில் இன்னொன்றும் சேர்கிறது. தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தாத்தா பாட்டி ஒன்றே. அவர்களில் ஒருவரிடம் இருந்த ஒற்றைப் பழுது உங்கள் அப்பா வழியாகத் தங்கைக்கும், அத்தை வழியாக மாப்பிள்ளைக்கும் இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் அத்தையும் அதைச் சுமப்பவர்தான். இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒருவரையும் நோகடிக்காமல் வந்த ஒன்று இரண்டு பக்கமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்ததால் வெளிப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் இதில் குற்றம் இல்லை.

பிறழ்வுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், முடிவு வரும்போது உதவும். இந்த மரபணுவில் இதுவரை 200க்கு மேற்பட்ட பிறழ்வுகள் அறியப்பட்டுள்ளன. எல்லாம் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. சில பிறழ்வுகள் நொதியே உருவாகாமல் செய்கின்றன. சிலவற்றில் நொதி உருவாகிறது, ஆனால் மடிப்பு தவறிச் சிதைந்துபோகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக என்னை வியக்க வைத்தது ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒன்று. நொதி என்ற அமினோ அமிலச் சங்கிலியின் 170ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். கூடவே 11ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் இருக்கும். இந்த இரண்டாவது மாற்றம் நலமாக இருக்கும் பலரிடமும் உள்ளது, தனியாக நோய் தராது. இரண்டும் சேர்ந்தால் நொதி உருவாகிறது, வேலை செய்யும் திறனும் இருக்கிறது, ஆனால் விலாசம் மாறிய கடிதம்போலப் பெராக்சிசோமுக்குப் போகாமல், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர்கிறது. கிளையாக்சைலேட் இருப்பது ஒரு வீட்டில், நொதி இருப்பது அடுத்த வீட்டில். 1986இல் லண்டனில் டான்பியூர், ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் இந்த நோயில் குறைவது ஏஜிடி நொதிதான் என்று காட்டினார்கள். நொதி இடம் மாறிப் போகும் விந்தையையும் டான்பியூர் குழுவினரே சில ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். (பூனை போன்ற ஊன் உண்ணிகளில் இந்த நொதி இயல்பாகவே பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கும், தாவர உண்ணிகளில் பெராக்சிசோமில். உணவுக்கு ஏற்ப நொதியின் இருப்பிடம் மாறியிருப்பதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு பி6 வைட்டமின் நன்றாக வேலை செய்கிறது. ஏஜிடி நொதிக்கு பி6தான் துணை. அதை மிகுதியாகக் கொடுக்கும்போது நொதி நிலைபெற்று, ஒரு பகுதி சரியான இடத்துக்கும் போகிறது. சிலருக்கு ஆக்சலேட் இயல்பு அளவுக்கே இறங்கியிருக்கிறது. விலை மலிவான ஒரு மாத்திரை! எந்தப் பிறழ்வு என்று தெரிந்தால்தான் அந்த நம்பிக்கை உண்டா இல்லையா என்று தெரியும். அதிக அளவு பி6 நரம்பைப் பாதிக்கும் என்பதால் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

டயாலிசிஸ் செவிலியர் எழுதியது:

ஆசிரியை எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

நான் என் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன். கிட்னி ஓரளவு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்போம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அப்போது மணியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே மணிக்குப் போகும் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். படிகம் அடியில் தங்கிவிடாமல் இருக்க ஆய்வகம் அமிலம் சேர்க்கச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை போய்விட்டு வந்தாலும் கணக்கு கெட்டுவிடும். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு வேளைச் சிறுநீரிலேயே ஆக்சலேட்டையும் கிரியேட்டினினையும் ஒப்பிடுவார்கள். உங்கள் பையனுக்கு இப்போது சிறுநீரே குறைவு என்பதால் இரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இரத்தத்தை எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்து உடனே பிரித்தாக வேண்டும். தாமதமானால் அளவு பொய்யாகக் கூடிவிடும். ஆகவே பக்கத்துத் தெரு ஆய்வகத்தில் கொடுத்துவிடாதீர்கள், மருத்துவமனை சொல்லும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் என்ற வழக்கமான டயாலிசிஸ், யூரியாவை இறக்கும் அளவுக்கு ஆக்சலேட்டை இறக்காது. இந்தப் பிள்ளைகளின் உடல் ஒரு வாரத்தில் உண்டாக்குவதில் பாதியைக்கூட அது நீக்குவதில்லை. முடிவு இந்த நோய்தான் என்று வந்தால் வாரத்தில் ஐந்து, ஆறு நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு வலிக்கிறது என்று பையன் சொல்கிறானா? இரத்தம் ஏற ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல் நிற்கிறதா? இரண்டையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையில் ஆக்சலேட் படிந்தால் அப்படி ஆகும்.

பொருநைக்கரை எழுதியது:

ஹீமோகுளோபின் 7ஐத் தாண்டுவதே இல்லை. முழங்கால் வலிக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாளையே சொல்கிறேன்.

வன்னிமகள் லண்டன் எழுதியது:

அண்ணா, வணக்கம். எனது மகளுக்கும் இதே வருத்தம்தான், முதலாம் வகை. ஆனால் அவளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டார்கள், கிட்னி இன்னும் பிழைத்திருக்கிறது. வயிற்றில் குழாய் வைத்து இரவு முழுவதும் பம்ப் வழியாகத் தண்ணீர் ஏற்றுவோம். உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு மூன்று லீட்டர் வரை குடிக்க வேண்டும் என்பார்கள். எந்தப் பிள்ளை தானாக அவ்வளவு குடிக்கும்? படிகம் சேராமல் தடுக்கும் சிட்ரேட் மருந்து வேறு. நடுச்சாமத்தில் பம்ப் அலறும், எழுந்து குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

பிறகு லுமாசிரான் என்ற ஊசி மருந்து வந்தது. 2020 நவம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது, இங்கே அரச மருத்துவச் சேவையில் 2023இல் ஏற்றுக்கொண்டார்கள். முதல் மூன்று மாதம் மாதம் ஒரு ஊசி, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. தோலுக்கடியில் போடுவது, ஒரு நிமிட வேலை. மகளின் ஆக்சலேட் கிட்டத்தட்ட இயல்பு அளவுக்கு வந்துவிட்டது. சென்ற கோடையில் குழாயை எடுத்துவிட்டார்கள். குளத்தில் நீந்தப் போகலாமா என்றுதான் முதலில் கேட்டாள்.

இதை எழுதும்போது உங்கள் மருமகனை நினைத்து நெஞ்சு கனக்கிறது. அவனுக்கும் கிடைக்க வேண்டும்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

வன்னிமகள், மகளுக்கு என் அன்பு.

மற்றவர்களுக்காக: லுமாசிரான் பழுதான மரபணுவைச் சரிசெய்வதில்லை. அதற்கு ஒரு படி முன்னால் போய், கிளைக்கோலேட்டைக் கிளையாக்சைலேட்டாக மாற்றும் இன்னொரு நொதியின் உற்பத்தியை அடக்குகிறது. அந்த நொதிக்கான செய்தியைக் கொண்டுவரும் ஆர்என்ஏவைக் கல்லீரல் செல்லுக்குள்ளேயே துண்டாக்கிவிடுகிறது. கிளையாக்சைலேட் குறைந்தால் ஆக்சலேட்டும் குறையும். தேங்கும் கிளைக்கோலேட் நீரில் எளிதில் கரைந்து சிறுநீரில் போய்விடும். 39 பேரிடம் நடந்த முக்கிய ஆய்வில், மருந்தைப் பெற்றவர்களுக்குச் சிறுநீர் ஆக்சலேட் சராசரியாக 65 விழுக்காடு குறைந்தது. நெடோசிரான் என்ற மற்றொரு மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. அது கடைசிப் படியில் ஆக்சலேட்டை உண்டாக்கும் நொதியைக் குறிவைக்கிறது.

திண்டிவனத்தான் எழுதியது:

அமெரிக்காவில் இதன் விலை ஆண்டுக்குப் பல லட்சம் டாலராம். இங்கே அரிய நோய்களுக்கு மத்திய அரசின் உதவி உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். வாழ்நாள் முழுதும் போட வேண்டிய ஊசிக்கு இது எந்த மூலைக்கு? லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு நீச்சல், இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு டயாலிசிஸா? இதைக் கேட்காமல் மரபணுவைப் பற்றி எவ்வளவு பேசினாலும் என் மனம் ஆறாது.

நெஃப்ரான் எழுதியது:

திண்டிவனத்தான் ஐயா, இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். கண்டறிவதும் இங்கே தாமதம், மருந்தும் எட்டாத உயரம். மருந்து விலைக்காகக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் முதல் கல்லிலேயே நோயைக் கண்டறிவதற்குக் கோடிகள் வேண்டாம். குழந்தையிடமிருந்து எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பினாலே பாதி வழி தெரியும். முழுக்கக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட், வெளிறிய நிறம் என்றால் உடனே சந்தேகிக்க வேண்டும். குழந்தைக்கு வரும் எந்தக் கல்லையும் வெயிலின் தலையில் போடக் கூடாது.

பொருநைக்கரை, உணவைப் பற்றித் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். இங்கேயே சொல்கிறேன், பிறருக்கும் பயன்படும். பசலைக்கீரையைக் குறைப்பது சரி, ஆனால் அதனால் இந்த நோய் அடங்காது. ஆக்சலேட்டைப் பெரும்பாலும் உண்டாக்குவது உடல்தான். பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவனை எலும்பும் தோலுமாக்க வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை மட்டும் அறவே கூடாது, அது உடலில் ஆக்சலேட்டாக மாறும்.

பொருநைக்கரை எழுதியது:

முடிவு வந்துவிட்டது. ஏஜிஎக்ஸ்டி மரபணுவில், தொடக்கத்திலேயே 33ஆவது இடத்தில் சைட்டோசின் என்ற மரபணு எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கிறதாம். இரண்டு பிரதியிலும் அதே பிறழ்வு. முதல் வகை என்று உறுதியாகிவிட்டது. தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ஒவ்வொரு பிரதியில் இருப்பதாக அவர்களின் இரத்தப் பரிசோதனையும் சொல்கிறது. அத்தை அந்தத் தாளை வாங்கித் தன் மகனின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து தங்கையின் முன் வைத்தார். வேறு எதுவும் பேசவில்லை.

டயாலிசிஸை வாரம் ஆறு நாளாக்கிவிட்டார்கள். இப்போது என் கேள்விகள்: பி6 பயன்படுமா? தங்கை என்ன கொடுக்கலாம்? பையனுக்கு ஆறு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அவளை என்ன செய்வது?

நெஃப்ரான் எழுதியது:

இந்தப் பிறழ்வு எல்லா நாட்டவரிடமும் காணப்படும் ஒன்று. கூடுதலாகச் சேர்ந்த ஓர் எழுத்தால் அதற்குப் பின்வரும் செய்தி முழுவதும் தடம் புரண்டு, நொதி உருவாவதே இல்லை. இல்லாத நொதிக்கு பி6 துணை நிற்க முடியாது. பலன் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மாற்று அறுவைக்கு வழி இருக்கிறது. கல்லீரலும் கிட்னியும் வேண்டும். 1980களின் நடுவில் இங்கிலாந்தில் வாட்ஸ், கால்ன் என்ற மருத்துவர்கள் இந்த நோய்க்கு இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்ததிலிருந்து இது வளர்ந்துவந்திருக்கிறது. இறந்தவர் ஒருவரிடமிருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் பெறலாம். அதற்கு மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் மருத்துவமனை வழியாக இப்போதே பதிவு செய்யுங்கள். அல்லது பெற்றோரில் ஒருவர் கல்லீரலின் ஒரு பகுதியையும் மற்றவர் கிட்னியையும் கொடுக்கலாம். ஒற்றைப் பிரதி பழுதானவரின் கல்லீரல் போதுமான நொதியைத் தருவதால், தாயோ தந்தையோ கொடுப்பதற்கு அது தடை இல்லை. முதலில் கல்லீரலை மாற்றி, சேர்ந்த ஆக்சலேட்டை டயாலிசிஸால் இறக்கிய பிறகு கிட்னியைப் பொருத்தும் முறையும் உண்டு. எலும்பில் இவ்வளவு படிந்திருக்கும்போது உங்கள் குழு அதை யோசிக்கலாம். லுமாசிரான் கிடைக்கும் நாடுகளில் கல்லீரலைத் தொடாமல் கிட்னியை மட்டும் பொருத்தவும் தொடங்கியிருக்கிறார்கள். மருந்து உற்பத்தியாளரின் கருணை உதவித் திட்டம் ஏதும் உண்டா என்று மருத்துவர் மூலம் எழுதிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எதற்கெல்லாம் தொகை கிடைக்கும் என்பதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் வாங்குங்கள்.

சிறுமியைப் பற்றி: அவளை இந்த வாரமே அழைத்துப் போங்கள். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அவளுக்கும் உண்டு. தொந்தரவு இல்லை என்பது ஆறுதல் தரும் செய்தி இல்லை. ஒரே பிறழ்வுள்ள உடன்பிறப்புகளில் ஒருவருக்குச் சிறுவயதிலேயே கிட்னி போவதும், மற்றவருக்கு முப்பது வயதில் முதல் கல் வருவதும் இந்த நோயில் நடப்பதுதான். குடும்பத்தின் பிறழ்வு தெரிந்துவிட்டதால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் நேரமும் குறைவு. கூடவே ஸ்கேனும் சிறுநீர் ஆக்சலேட்டும். அவளுக்கு இருந்தால் இன்றே தண்ணீரும் சிட்ரேட்டும் தொடங்கலாம், கிட்னியைப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். உங்கள் தங்கைக்கு இனி குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கருவிலேயே பார்க்கும் வசதியும் இருக்கிறது, மரபியல் ஆலோசகரிடம் பேசச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

வியாழக்கிழமைக்குச் சீட்டு போட்டாயிற்று. அவளை அழைத்துப் போவது நான்தான்.

டயாலிசிஸ் செவிலியர் எழுதியது:

அண்ணா, சிறுநீர் எடுப்பதற்கு முந்தைய நாள் சிறுமிக்கு வைட்டமின் சி கலந்த சிரப் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சளி மருந்தாக இருந்தாலும் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.